வாழை மட்டையிலிருந்து உடலுக்கு ஒவ்வும் நானோ நார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்த்துப் போடும் வாழை மரத்திலிருந்து, காயத்தின் மேல் வைக்கும் அளவுக்குச் சுத்தமான செல்லுலோஸ் நானோ நாரை எடுப்பது பற்றிய பக்கம் இது. முதுகலை மாணவர்களும் கல்லூரி ஆய்வகங்களும் சிறுதொழில் தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். அளவுகள் ஆய்வக மேசைக்கானவை.

1. நானோ நார்னா என்ன? வாழை நாரை ரொம்ப மெல்லிசா கிழிச்சா அதுதானா?

கிழிக்க வேண்டியது நாரை அல்ல, நாரின் செல் சுவரை. பூக்கட்டும் வாழைநாரில் ஒரு இழை என்பதே பல செல்கள் ஒட்டிய கட்டு. தடிமன் 100 மைக்ரோமீட்டருக்குக் குறையாது. அதில் ஒரு தனிச் செல்லின் அகலம் 10 முதல் 30 மைக்ரோமீட்டர். அந்தச் செல்லின் சுவருக்குள் 3 அல்லது 4 நானோமீட்டர் அகலத்தில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தேர்வடத்தைப் பிரித்தால் புரி, புரியைப் பிரித்தால் நார் என்பதுபோல. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி இழை, அல்லது அதில் சில சேர்ந்த 5–20 நானோமீட்டர் கட்டு.

இழைகளுக்கு நடுவே ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் சாந்துபோல அடைத்திருக்கும். வேலை இரண்டுதான்: சாந்தை எடுப்பது, பிறகு இழைகளைப் பிரிப்பது. முதல் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இரண்டாவதற்கு ஓடுவதால்தான் கீழே உள்ள கேள்விகளில் பாதி எழுகின்றன.

2. நானோ நார்னா எலக்ட்ரோஸ்பின்னிங் மெஷின் வேணுமே? எங்க காலேஜ்ல அது இல்லையே?

வேண்டாம். எலக்ட்ரோஸ்பின்னிங் என்பது கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழுத்துப் புதிதாக நார் நூற்பது. இங்கே செடி ஏற்கெனவே நூற்று வைத்திருப்பதைப் பிரித்தெடுக்கிறோம். இரண்டையும் ‘நானோ நார்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

செல்லுலோஸ் சூட்டில் உருகாது, வழக்கமான கரைப்பான்களில் கரையாது. அதனால் நேரடியாக நூற்க முடியாது. நூற்றே ஆக வேண்டுமானால் செல்லுலோஸ் அசிட்டேட்டாக மாற்றி, அசிட்டோனும் டைமெத்தில் அசிட்டமைடும் 2:1 கலந்ததில் 15 சதவீதம் கரைத்து, 15 கிலோவோல்ட் அளவில் நூற்று, பிறகு நீர்த்த காரத்தில் ஊறவைத்து மறுபடி செல்லுலோஸாக்குவார்கள். அப்படிக் கிடைக்கும் நாரின் தடிமன் நூற்றுக்கணக்கான நானோமீட்டர். அதன் பயன் வேறு. இந்தப் பக்கம் முழுக்கப் பிரித்தெடுக்கும் வழியைப் பற்றியது.

3. ஏன் வாழை? எங்க ஊர்ல வைக்கோலும் தேங்கா மஞ்சியும்தான் கொட்டிக் கிடக்கு.

எதிலிருந்தும் எடுக்கலாம். எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். தேங்காய் நாரில் லிக்னின் 40 சதவீதத்தைத் தொடும். அதை வெளுத்து முடிப்பதற்குள் செல்லுலோஸும் அடிவாங்கிவிடும். வைக்கோலில் லிக்னின் குறைவு, ஆனால் சாம்பல் 10 சதவீதத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரும்புச் சக்கையில் லிக்னின் சுமார் 20 சதவீதம்; ஆனாலும் அதைக் கூழாக்கும் தொழில் நமக்குப் பழகியது. கரூர் காகிதபுரத்தில் சக்கையிலிருந்து காகிதமே செய்கிறார்கள். வெளுத்த சக்கைக் கூழ் கிடைத்தால் 4 முதல் 6 வரையிலான கேள்விகளை நீங்கள் தாண்டிப் போகலாம்.

வாழை மட்டையில் லிக்னின் பெரும்பாலும் 5–12 சதவீதம்தான். நடுமட்டைகள் மென்மையானவை, சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். ஒரே தொந்தரவு தண்ணீர்: மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். 10 கிலோ பச்சை மட்டை உலர்ந்தபின் 1 கிலோகூடத் தேறாது. அதனால் மட்டையைத் தொலைவிலிருந்து லாரியில் ஏற்றிவரும் திட்டம் காகிதத்தில் மட்டுமே கட்டுப்படியாகும்.

4. மட்டையை எப்ப எடுக்கணும்? காஞ்சு கிடக்கற சருகு போதாதா?

சருகு வேண்டாம். அதில் பூஞ்சையும் மண்ணும் ஏறியிருக்கும். தார் வெட்டிய அன்றோ மறுநாளோ எடுங்கள். வெளி இரண்டு மட்டைகளைக் கழித்துவிட்டு, நடுமட்டைகளை மட்டும் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்டு பொரியலுக்குப் போகட்டும். அதில் நார் குறைவு.

வெட்டியதும் வடிகிற பால் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். வேட்டியில் பட்டால் போகாத அதே வாழைக்கறைதான். இது நாரில் ஏறினால் வெளுப்பில் ஒரு சுற்று கூடும். எனவே 3–5 செ.மீ. துண்டுகளாக நறுக்கியவுடன் தண்ணீரில் போட்டு, மூன்று நான்கு முறை நீர் மாற்றிப் பிழிந்துவிட்டு, 60 டிகிரி செல்சியஸ் ஆய்வக உலர்த்தும் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். பிறகு அரைத்து 40 மெஷ் சல்லடையில் சலிக்க வேண்டும். இதைவிடப் பொடியாக அரைப்பதில் லாபமில்லை. வடிகட்டும்போது துணியின் கண் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, விவசாயியிடம் கேட்டே தீர வேண்டியது: தண்டுக் கூன்வண்டுக்கு மருந்து போட்டார்களா? இந்தப் பூச்சிக்கு மட்டையிலேயே ஊசியால் மருந்து செலுத்தும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட மரம் காகிதத்துக்கு ஆகலாம், காயக்கட்டுக்கு ஆகாது.

5. சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? ஒருத்தர் 4 சதவீதம்ங்கறார், ஒருத்தர் 18 சதவீதம்ங்கறார்.

4 சதவீதம். 100 கிராம் பொடிக்கு 2 லிட்டர் கரைசல் (அதாவது 80 கிராம் காரம்), 80 டிகிரியில் 2 மணி நேரம், கிளறிக்கொண்டே. வடித்து, கழுவி, புதுக் கரைசலில் இன்னொரு முறை. முதல் முறை வடிகிற நீர் கறுப்புக் காப்பி நிறத்தில் வரும். இரண்டாம் முறை தேநீர் நிறம். கண்ணாடி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் மட்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், ஹைட்ரஜனும் கிளம்பும்.

18 சதவீதம் என்பது பருத்தி நூலை மெர்சரைஸ் செய்கிற (காரத்தில் நனைத்துப் பளபளப்பாக்குகிற) அளவு. அந்த அடர்த்தியில் காரம் படிகத்துக்குள்ளேயே புகுந்து, செல்லுலோஸ் ஒன்று என்ற இயற்கை அமைப்பைச் செல்லுலோஸ் இரண்டு ஆக்கிவிடும். திரும்ப வராது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் சோதனையில் 22.6 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரே பெரிய முகடு இருக்க வேண்டிய இடத்தில் 12, 20, 22 டிகிரிகளில் முகடுகள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று காரத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது.

6. வெளுக்க வீட்டு ப்ளீச்சையே ஊத்தலாமா? அதுவும் குளோரின்தானே?

கூடாது. இங்கே எழுத்துப் பிழை மாதிரி தெரிகிற ஒரு வேறுபாடு உண்டு: வெளுப்புக்கு சோடியம் குளோரைட், பிறகு 9-ஆம் கேள்வியில் வரும் ஆக்சிஜனேற்றத்துக்கு சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டு ப்ளீச் இரண்டாவது. அதை அமிலத் தாங்கலில் (பஃபர்) ஊற்றினால் குளோரின் வாயு வரும். செல்லுலோஸ் சங்கிலியும் துண்டாகும். சாதா உப்பான குளோரைடு இவை இரண்டுமே அல்ல.

முறை இது. 27 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 75 மி.லி. கிளேஷியல் அசிட்டிக் அமிலமும் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் அசிட்டேட் தாங்கல் தயார். அதுவும், 1.7 சதவீத சோடியம் குளோரைட் கரைசலும், தண்ணீரும் சம பங்கு. இந்தக் கலவை 1 லிட்டருக்கு 40 கிராம் வரை உலர் எடை நார் போடலாம். 80 டிகிரியில் 4 மணி நேரம், ஃப்யூம் ஹுட்டுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) மட்டும், ஏனென்றால் மஞ்சள் நிறக் குளோரின் டையாக்சைடு வெளிவரும். இரண்டு, மூன்று சுற்றில் நார் இட்லி வெள்ளைக்கு வந்துவிடும்.

ஹுட் இல்லையென்றால் பெராக்சைடு. 30 சதவீதப் புட்டியிலிருந்து 133 மி.லி. எடுத்து 1 லிட்டர் ஆக்கினால் 4 சதவீதம். காரம் சேர்த்து பிஎச் 11.5 ஆக்கி, 60 டிகிரியில் 2–3 மணி நேரம். முன்னதாக உலோக அயனிகளைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ-வின் 0.5 சதவீதக் கரைசலில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். நாரில் இரும்பும் மாங்கனீசும் இருந்தால் பெராக்சைடு நாரைத் தொடுவதற்கு முன்பே நுரைத்து வீணாகும். வெள்ளை கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் குளோரின் ஏறிய மிச்சங்கள் இல்லை என்பதால் மருத்துவப் பயனுக்கு இதையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வோம்.

7. வெளுத்த கூழை காய வச்சு டப்பால போட்டு வச்சுக்கலாமா? அடுத்த செமஸ்டர்ல பண்ணிக்கறேன்.

காயவைத்தால் அடுத்த செமஸ்டரும் போய்விடும். நீர் வெளியேறும்போது நுண்ணிழைகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகும். மறுபடி ஊறவைத்தாலும் முழுக்கப் பிரியாது. பிழிந்த ஈரக் கூழாகவே, திடப்பொருள் 15–20 சதவீதம் இருக்குமாறு, உறையில் இட்டு 4 டிகிரியில் வையுங்கள். உறையவைக்கவும் கூடாது, பனிப்படிகம் அழுத்தினாலும் அதே கதை.

எடைக் கணக்கில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2 கிராம் ஈரக் கூழை 105 டிகிரியில் உலர்த்தித் திட அளவைக் காணுங்கள். அது 18 சதவீதம் என்றால், 10 கிராம் செல்லுலோஸுக்கு 55.6 கிராம் ஈரக் கூழ் எடுக்க வேண்டும். உலர்த்திப் பார்த்த அந்தத் துண்டை மறுபடி கூழில் போட்டுவிடாதீர்கள்.

விளைச்சல் பற்றிய கேள்வியும் இங்கே வந்துவிடும்: 100 கிராம் உலர் பொடிக்கு 35–45 கிராம் வெளுத்த கூழ் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 70 கிராம் வந்ததென்றால் மகிழ வேண்டாம், சாந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது.

8. இந்தக் கூழை மிக்ஸில அடிச்சா நானோ ஆயிடாதா?

வெறும் கூழை அடித்தால் ஆகாது. அரை மணி அடித்தாலும் நார் வெட்டுப்படும், ஓரம் சிலும்பும், நிற்கவைத்தால் அடியில் படியும். கூழை நுண்ணிய இடுக்கில் அழுத்திச் செலுத்தும் உயர் அழுத்த ஹோமோஜெனைசரோ கல் அரைப்பானோ இருந்தால் வேதிவினை இல்லாமலும் முடியும். 1983-இல் அமெரிக்காவில் டர்பக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் மூவரும் மரக்கூழை ஹோமோஜெனைசரில் பலமுறை செலுத்தித்தான் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தார்கள். மின்செலவு கடுமையாக இருந்ததால் அது வெகுநாள் கிடப்பில் கிடந்தது.

மின்செலவைக் குறைத்தது டெம்போ (TEMPO) என்ற வினையூக்கியைக் கொண்டு செய்யும் ஆக்சிஜனேற்றம். இழையின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சிலேட்டுகளை ஏற்றினால் அவை ஒன்றையொன்று தள்ளும். பிறகு மெதுவான அடியே போதும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இசோகாய், சைட்டோ இருவரும் நிஷியாமாவுடன் 2015-இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றது இதற்காகத்தான். இப்படி ஆக்சிஜனேற்றிய கூழை 0.5 சதவீதத்தில் மிக்ஸியில் 2 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தி, பத்து முறை அடித்தால் பெரும்பகுதி பிரிந்துவிடும். ஜாரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். மிச்சத்தை அல்ட்ராசோனிக் புரோபில் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 5–10 நிமிடம் பிரிக்கலாம். புரோபின் முனையிலிருந்து டைட்டானியத் துகள் உதிரும், அதை சென்ட்ரிஃபியூஜில் கழிக்க வேண்டும். சமையலறை மிக்ஸியைத் திருப்பிச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

9. டெம்போ அளவு சரியா சொல்லுங்க. ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

10 கிராம் (உலர் எடை) கூழ், 1 லிட்டர் தண்ணீர், டெம்போ 0.16 கிராம், சோடியம் புரோமைடு 1 கிராம். டெம்போ தண்ணீரில் மெதுவாகவே கரையும், கூழ் போடுவதற்கு முன்பே அரை மணி கலக்கிவிடுங்கள். பிறகு ஹைப்போகுளோரைட், கிராமுக்கு 5 மில்லிமோல், மொத்தம் 50 மில்லிமோல். கட்டுரைகளில் மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு எண்தான். 10 வரை போவார்கள். கூடினால் மின்னூட்டம் கூடும், சங்கிலி நீளம் குறையும்.

புட்டியில் ‘4 சதவீதக் கிடைக்கும் குளோரின்’ என்றிருந்தால் அது 0.56 மோலார், 50 மில்லிமோலுக்கு 89 மி.லி. வேண்டும். ஆனால் ஹைப்போகுளோரைட் நம் வெயிலுக்கு நிற்காது. அயோடின் தரம்பார்த்தலில் அது 2.5 சதவீதமாக இறங்கியிருந்தால் அதே 50 மில்லிமோலுக்கு 142 மி.லி. ஆகும். லேபிளை நம்பி ஊற்றுவது இந்த வேலையில் நாங்கள் அதிகம் பார்க்கிற பிழை.

ஹைப்போகுளோரைட்டை ஹுட்டுக்குள் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பிஎச் 10-க்குக் கொண்டுவந்து (அதற்குக் கீழே இறக்காதீர்கள்), மெதுவாகக் கூழில் சேருங்கள். கலவை மஞ்சளாகும். வினை நடக்க நடக்க பிஎச் இறங்கும், 0.5 மோலார் காரத்தைப் பியூரெட்டிலிருந்து விட்டு 10-லேயே பிடித்துவையுங்கள். காரம் கேட்பது நின்றதும், வழக்கமாக 2–4 மணி நேரத்தில், 10 மி.லி. எத்தனால் விட்டு நிறுத்துங்கள்.

10. பிஎச் இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரமா 10-லயே நிக்குது.

வினையே தொடங்கவில்லை. காரணங்கள் இந்த வரிசையில்: ஹைப்போகுளோரைட் செத்துப்போனது (9-ஆம் பதில்), புரோமைடு போட மறந்தது, டெம்போ மேலே மிதக்கிறது, பிஎச் மின்முனை கெட்டுப்போனது. மஞ்சள் நிறமே வரவில்லை என்றால் முதல் இரண்டில் ஒன்று.

நேர்மாறாக, காரம் நிற்காமல் 50 மி.லி.-க்கு மேல் குடித்துக்கொண்டே போகிறதென்றால் கூழில் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் மிச்சமிருந்து அவை ஆக்சிஜனேற்றம் ஆகின்றன. நல்ல வாழைக் கூழுக்கு 25–35 மி.லி. அளவில் நின்றுவிடும்.

11. கார்பாக்சிலேட் எவ்வளவு ஏறியிருக்குன்னு எப்படிக் கணக்குப் போடறது?

கடத்துத்திறன் தரம்பார்த்தல். 0.3 கிராம் உலர் எடை நார், 55 மி.லி. நீர், 5 மி.லி. 0.01 மோலார் சோடியம் குளோரைடு. அமிலம் விட்டு பிஎச் 2.5–3 ஆக்கி, 0.04 மோலார் காரத்தை நிமிடத்துக்கு 0.1 மி.லி. வீதம் விட வேண்டும். கடத்துத்திறன் முதலில் சரியும், பிறகு தட்டையாகும், பிறகு ஏறும். தட்டையான பகுதியின் நீளம் 9 மி.லி. என்றால் 0.36 மில்லிமோல்; 0.3-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.2 மில்லிமோல். 1.0–1.5 இருந்தால் மிக்ஸி, புரோப் இரண்டுக்கும் எளிதில் பிரியும்.

12. எஸ்இஎம் எடுத்தோம், ஒண்ணுமே தெரியல. நானோ ஆகலையா?

ஆகியிருக்கலாம். 4 நானோமீட்டர் இழையைச் சாதாரண எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) காட்டாது. போதாக்குறைக்குத் தங்கப் பூச்சே இழையைவிடத் தடிமனாக இருக்கும். மைக்கா தகட்டில் அணுவிசை நுண்ணோக்கியோ, யுரேனைல் அசிட்டேட் சாயமிட்டுப் பார்க்கும் டிஇஎம்மோ (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வேண்டும்.

அதற்குக் காசு கட்டும் முன் மேசையிலேயே மூன்று சோதனைகள். 0.1 சதவீதமாக நீர்த்து ஒரு நாள் வைத்தால் அடியில் எதுவும் படியக் கூடாது. 600 நானோமீட்டர் ஒளியில் 90 சதவீதத்துக்குக் கிட்ட ஊடுருவ வேண்டும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே குப்பியைப் பிடித்துக் குலுக்கினால், இருட்டுக்குள் வெளிச்ச நெளிவுகள் மின்னும். 1 சதவீதக் கூழ்மம் (நார் பிரிந்து பரவிய நீர்) ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சியைப்போல் நிற்கும். குப்பியைக் கவிழ்த்தாலும் ஒழுகாது.

13. கழுவறதுக்கே ஒரு வாரம் ஆகுதே. கொஞ்சம் குறைச்சுக்கலாமா?

நேரத்தைக் குறைக்கலாம், கழுவலைக் குறைக்கக் கூடாது. ஆக்சிஜனேற்றிய கூழ் தண்ணீரில் உப்பி, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். அப்போது பிஎச் 2–3 வரை அமிலமாக்குங்கள். கார்பாக்சிலேட்டுகள் மின்னூட்டம் இழந்து, உப்பல் வடிந்து, கூழ் துணியில் சட்டென வடியும். அந்த நிலையில் நாலைந்து முறை கழுவிவிட்டு, மறுபடி காரம் விட்டு பிஎச் 7.5-க்குக் கொண்டுவந்து பிரிக்க அனுப்பலாம்.

அமிலமாக்கும் முன் இன்னொரு படி: 1 கிராம் சோடியம் போரோஹைட்ரைடு, பிஎச் 10, 3 மணி நேரம். மிச்சமிருக்கும் ஆல்டிஹைடுகளை இது ஆல்கஹாலாக்கும். ஹைட்ரஜன் குமிழ்விடும், மூடியை இறுக்காதீர்கள். முடிந்தபின் அமிலத்தைத் துளித்துளியாகவே சேருங்கள். கடைசியாக, பிரித்த கூழ்மத்தை 12–14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் (உப்பும் சிறு மூலக்கூறுகளும் வெளியேற, நார் உள்ளேயே நிற்கும் சவ்வு) 3–5 நாள், தினம் இருமுறை நீர் மாற்றி வையுங்கள். வெளிநீரின் கடத்துத்திறன் செ.மீ.-க்கு 20 மைக்ரோசீமன்ஸுக்குள் நிற்க வேண்டும்.

14. செடியில இருந்துதானே எடுக்கறோம், இயற்கையானது. பயோகம்பாட்டிபிள்னு போட்டுக்கலாம்ல?

எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. செல்லுலோஸ் தன்னளவில் சாது. கூடவே ஒட்டிவந்தவைதான் செல்லைக் கொல்கின்றன. மிச்ச டெம்போ, ஆல்டிஹைடு, குளோரின் ஏறிய லிக்னின் துண்டுகள், போராக்ஸ், கனஉலோகம், பூச்சி மருந்து, பாக்டீரியா நச்சு. ஒரே வாழையிலிருந்து வந்த இரண்டு தொகுதிகளில் ஒன்று தேறும், மற்றொன்று தோற்கும். வித்தியாசம் 13-ஆம் பதிலில் இருக்கும்.

மேலும், ‘உடலுக்கு ஒவ்வும்’ என்பது பொருளின் நிரந்தரப் பட்டம் அல்ல. எங்கே, எவ்வளவு நேரம், எந்தத் திசுவோடு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தோலின் மேல் ஒரு நாள் இருக்கும் கட்டுக்கு மருத்துவக் கருவிகளின் உயிரியல் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10993 தர வரிசையில் செல் நச்சுத்தன்மை (பாகம் 5), ஒவ்வாமை (பாகம் 10), எரிச்சல் (பாகம் 23) மூன்றும் அடிப்படை. நானோ பொருளுக்கெனத் தனி வழிகாட்டல் பாகம் 22. செல் சோதனையில் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கணக்கு.

15. எம்டிடில 120 சதவீதம் வந்திருக்கு! செல் நல்லா வளருதுன்னு எழுதலாமா?

எம்டிடி என்பது உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம். எழுதும் முன் செல்லே இல்லாத குழிகளில் நாரையும் எம்டிடியையும் மட்டும் போட்டுப் பாருங்கள். ஊதா வந்தால், நாரில் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடே சாயத்தை ஒடுக்குகிறது. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: அந்த ஊதாப் பொருளான ஃபார்மசான் நாரில் ஒட்டிக்கொண்டு கரைசலுக்கு வராமல் 60 சதவீதம் காட்டும். எனவே எல்டிஎச் (செத்த செல்லிலிருந்து கசியும் நொதியை அளப்பது) அல்லது உயிர்–இறப்புச் சாயம் என்று இன்னொரு முறையும் சேர்க்க வேண்டும்.

சோதனைக்காகப் பொருளைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஊறவைக்கும் சாறெடுப்பிலும் ஒரு கண்ணி. அரை மில்லிமீட்டருக்கு மெல்லிய படலத்துக்கு 1 மி.லி. ஊடகத்துக்கு 6 சதுர செ.மீ. என்பது விதி. நம் பஞ்சு (18-ஆம் பதில்) அந்த ஊடகத்தை முழுக்க உறிஞ்சிவிட்டுச் சோதனைக்கு எதையும் தராது. முதலில் பஞ்சு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து, அந்த அளவைக் கூடுதலாகச் சேர்த்து, 37 டிகிரியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும்.

16. செல் எல்லாம் உருண்டையா இருக்கு, படலத்துல ஒட்டவே இல்லை. செத்துப்போச்சா?

அவசியமில்லை. எதிர்மின்னூட்டமும் நீர்ப்பிடிப்பும் கூடிய பரப்பில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவின் செல்) ஒட்டுவதற்குப் பிடிமானம் கிடைக்காது. உயிர்–இறப்புச் சாயத்தில் பச்சையாக ஒளிர்ந்தால் உயிரோடுதான் இருக்கிறது. காயக்கட்டுக்கு இது நல்ல குணம்கூட; பிரிக்கும்போது புதுத்தோலை இழுத்துக்கொண்டு வராது. செல் வளர்க்கும் சாரம் (ஸ்கேஃபோல்ட்) செய்வது நோக்கமென்றால் மேலே கொலாஜன் பூச வேண்டும்.

17. எண்டோடாக்சின் பரிசோதனைல எக்கச்சக்கமா வந்திருக்கு. இவ்வளவு கழுவியும் எப்படி?

எண்டோடாக்சின் என்பது பாக்டீரியாவின் சுவரிலுள்ள, காய்ச்சல் தரும் நச்சு. இரண்டு சாத்தியங்கள். ஒன்று, உண்மையிலேயே இருக்கிறது. மட்டை இரண்டு நாள் ஊறிப் புளித்திருந்தாலோ, டயாலிசிஸ் தொட்டி நீர் வெதுவெதுப்பாக நின்றிருந்தாலோ கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா தன் சுவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிக் கலங்களை 250 டிகிரியில் அரை மணி சுட்டு, கடைசிக் கழுவல்களுக்கு ஊசிமருந்துத் தர நீரைப் பயன்படுத்துங்கள். டெம்போவுக்கு முன் கூழை 0.1 மோலார் காரத்தில் ஓரிரவு ஊறவைப்பதும் நன்கு குறைக்கும்.

மற்றொன்று, பொய் எண். குதிரைலாட நண்டின் குருதியில் செய்யும் எல்ஏஎல் சோதனை பீட்டா-குளூக்கன்களுக்கும் பதில் கொடுக்கும். தாவரப் பொருளில் இது வழக்கம். பீட்டா-குளூக்கன் தடுப்பானோடு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அல்லது நண்டுக் குருதிக்குப் பதில் ஆய்வகத்தில் உருவாக்கிய புரதத்தால் செய்யும் மறுசேர்க்கை ஃபேக்டர் சி முறை. ஒரு கருவிக்கு 20 எண்டோடாக்சின் அலகு என்பது பொதுவான வரம்பு. மூளைத் தண்டுவட நீரைத் தொடுவதற்கு 2.15.

18. கூழ்மம் வந்துடுச்சு. இதை படலமாவோ பஞ்சாவோ எப்படி ஆக்கறது?

படலம்: 0.5 சதவீதக் கூழ்மம் 50 மி.லி., வெற்றிடத்தில் குமிழ் நீக்கி, 90 மி.மீ. பெட்ரி தட்டில் ஊற்றி 40 டிகிரியில் இரண்டு நாள். 25–30 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒளி ஊடுருவும் தாள் கிடைக்கும். அடுப்பு மட்டமாக இல்லையென்றால் ஒருபக்கம் அப்பளம்போல் வளையும். காய்ந்த படலம் நீரில் வைத்தால் உப்பிக் கிழியும், 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் ஒரு மணி ஊறவைத்துக் கழுவினால் கால்சியம் இழைகளைப் பிணைத்து நிறுத்தும்.

பஞ்சு: 1 சதவீதக் கூழ்மத்தை அச்சில் ஊற்றி உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் 48 மணி நேரம். 7-ஆம் பதிலில் உறையவைக்கக் கூடாது என்றது இருப்புக்கு. இங்கே அந்தப் பனிப்படிகம்தான் துளையை உண்டாக்குகிறது. மெதுவாக உறைந்தால் பெரிய துளை, திரவ நைட்ரஜனில் சட்டென உறைந்தால் நுண்துளை.

19. ஸ்டெரிலைஸ் எப்படிப் பண்றது?

கூழ்மம் என்றால் பிஎச் 7-இல் வைத்து 121 டிகிரியில் 15–20 நிமிடம். காரமாக இருந்தால் சங்கிலி அறுந்து மஞ்சளாகும், பிசுப்பு இறங்கும். காய்ந்த படலத்துக்கும் பஞ்சுக்கும் 25 கிலோகிரே காமா கதிர்வீச்சு நடைமுறையில் உண்டு, இழுவலிமை குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். புற ஊதா விளக்கு மேற்பரப்புக்கு மட்டும். கூழ்மம் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு செல் சோதனைக்குப் போகும் தொகுதியில் துளியும் கூடாது; அது தானே விஷம்.

20. உள்ளுக்குள்ள வச்சா உடம்புல கரைஞ்சிடுமா?

கரையாது. நம் உடம்பில் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி இல்லை. அறுவை அரங்கில் இரத்தம் நிறுத்தப் பயன்படும் ஆக்சிஜனேற்றிய மறுஆக்கச் செல்லுலோஸ் கரைவது உண்மை. ஆனால் அது உட்பகுதி வரை ஆக்சிஜனேற்றப்பட்டது. டெம்போ இழையின் தோலை மட்டுமே தொடுகிறது, படிகம் உள்ளே அப்படியே இருக்கும். எனவே முதல் திட்டம் மேற்தோல் கட்டாக இருப்பதே புத்திசாலித்தனம். பின்லாந்தில் பிர்ச் மரக்கூழிலிருந்து வந்த ஃபிப்டெக்ஸ் கட்டும், தோல் ஒட்டுக்காகத் தோல் எடுத்த இடத்தின் மேல் வைப்பதற்குத்தான்.

21. காயக்கட்டா பண்ணி சுயஉதவிக் குழு மூலமா விக்கலாமா?

காயக்கட்டு மருத்துவக் கருவி. 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுப்பு உண்டு; உரிமமும் அந்த விதிகள் கேட்கும் தர அமைப்பும் இல்லாமல் விற்க முடியாது. சோதனைகளுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு போன்ற இடங்களை அணுகலாம். குழுக்கள் செய்ய ஏற்றது மட்டையைச் சேகரித்து, நறுக்கி, கழுவி, உலர்த்தி, மருந்து போடாத தோட்டம் என்ற பதிவோடு பொடியாகத் தருவது. தரமான பொடிக்கு ஆய்வகங்கள் அலைகின்றன.

22. கறுப்பா வர்ற காரத் தண்ணிய தோட்டத்துக்கே விட்டுடலாமா?

சோடியம் மண்ணை இறுக்கிவிடும், வேண்டாம். தனிப் பீப்பாயில் சேர்த்து அமிலம் விட்டு நடுநிலையாக்குங்கள்; லிக்னினில் ஒரு பகுதி பழுப்புச் சேறாகப் படியும். சேற்றை வடித்து உலர்த்தி வேதிக் கழிவாகக் கொடுங்கள். தெளிந்த நீரில் உப்பு நிறைய இருப்பதால் அது கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகட்டும். குளோரைட், ஹைப்போகுளோரைட் மிச்சங்களை இந்தப் பீப்பாயில் ஊற்றவே கூடாது: அமிலம் படும் நொடியில் வாயு கிளம்பும். அவற்றுக்குத் தனி வாளி, சோடியம் தயோசல்ஃபேட் கரைசல், பக்கத்தில் பொட்டாசியம் அயோடைடு–ஸ்டார்ச் தாள். தாள் நீலமாவது நிற்கும் வரை தயோசல்ஃபேட் விட்ட பிறகே வாளியைக் காலி செய்யுங்கள்.